தண்ணி அக்கா

எங்கள் ஆராய்ச்சிப் பிரிவின் வாசலில் நீளமான ஒரு பெயர்ப்பலகை தொங்குகிறது. அதைப் படித்து முடிப்பதற்குள் பிள்ளைக்கு முட்டிக்கொண்டு வந்துவிடும். அதனால் யாரும் படிப்பதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வழி கேட்டால், "படுக்கையில ஒண்ணுக்குப் போற பிள்ளைங்களப் பாக்குற இடமா? கடைசிக் கட்டடம், மாடி" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்கள். அந்தச் சத்தத்திலேயே பிள்ளைக்குப் பாதி உயிர் போய்விடும். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தரையைப் பார்த்தபடி படியேறி வரும். வந்ததும் முதலில் பார்க்கிற முகம் அக்காவுடையது. அவள் கேட்கிற முதல் கேள்வி, "தாகமா இருக்கா?"

பெயர், வயசு, வகுப்பு எல்லாம் அப்புறம்தான். பிள்ளை பதில் சொல்வதற்குள் டம்ளர் கையில் இருக்கும். எங்கள் வாட்ச்மேன் ஒருநாள் அவளை "தண்ணி அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு, தான் சொன்னதற்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடிக்கும்வரை நான் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிள்ளைகளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தன. அக்காவுக்கு அதில் கோபமே இல்லை.

தண்ணீர் கொடுப்பதுதான் அவள் வேலை. பிள்ளை வயிறு முட்டக் குடிக்க வேண்டும், வரும்வரை காத்திருக்க வேண்டும், வந்ததும் உள்ளே சின்ன அறையில் இருக்கிற ஓட்டை நாற்காலியில் உட்கார வேண்டும். நாற்காலிக்கு அடியில் ஒரு புனல், புனலுக்கு அடியில் ஒரு கருவி. எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அது கோடு போடும். கோடு குன்று மாதிரி ஏறி இறங்கினால் கவலை இல்லை. ரம்பப் பல் மாதிரி விட்டுவிட்டு வந்தால், பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து மாலைவரை அடக்கியே பழகிய பிள்ளை என்று அர்த்தம். சில பிள்ளைகளுக்குத் தலைகீழாக நின்றாலும் வராது. அவர்களுக்காக அக்கா அறை மூலையில் இருக்கிற குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து நிற்பாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரப் பிள்ளைக்கும் வந்துவிடும்.

நான் அடுத்த மேஜையில் உட்கார்ந்து கணினியில் எண்களை ஏற்றுகிறவள். கருவி போடுகிற கோடு என் திரைக்கு வரும். வீட்டில் ஒட்டச் சொல்லி நாங்கள் கொடுக்கிற சூரிய, மேகப் படங்களும் என்னிடம்தான் வரும். நனையாத நாளுக்குச் சூரியன், நனைந்த நாளுக்கு மேகம். முக்கால்வாசி அம்மாக்கள் இங்கே வருகிற பஸ்ஸில்தான் உட்கார்ந்து ஒட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பஸ் குலுங்கின குலுங்கலில் எல்லாச் சூரியனும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். பிள்ளையைக் காதைத் திருகி இழுத்து வருகிற அப்பாக்களையும் பார்த்திருக்கிறேன். எங்களிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "நானும் எட்டாவது படிக்கிற வரைக்கும் இப்படித்தான் மேடம்" என்பார்கள். அந்த நேரத்தில் எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே கிடையாது.

டாக்டரம்மாவின் ஆராய்ச்சி இதுதான். சில பிள்ளைகளுக்கு ஈரம் பட்டால் அலறுகிற மணி மட்டும் கொடுப்பது, சிலருக்கு மணியோடு மாத்திரையும் கொடுப்பது, எது பலன் தருகிறது என்று பார்ப்பது. அந்த மணி அடித்தால் வீடே எழுந்துவிடும், பக்கத்து வீடும் எழுந்துவிடும், பிள்ளை மட்டும் எழாது. மாத்திரை போடுகிற பிள்ளை பகலில் நிறையக் குடிக்க வேண்டும், பொழுது சாய்ந்த பிறகு குறைத்துக்கொள்ள வேண்டும். இதில் முதல் பாதியை எந்த அம்மாவும் காதில் போட்டுக்கொண்டதாக நான் பார்த்ததில்லை. "தண்ணி குடுக்காதேன்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்பதுதான் வீட்டுக்குப் போய்ச் சேரும். நாங்கள் சொல்லாவிட்டாலும் அதைத்தான் செய்வார்கள். படுக்கை நனைந்தால் பெற்றவர்களுக்கு முதலில் தோன்றுவது தண்ணீரை நிறுத்துவது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு அக்கா அதே ஆஸ்பத்திரியில் கண் பிரிவில் இருந்தாள். எங்கள் பிரிவு ஆரம்பித்தபோது மாற்றிவிட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வயதான அம்மாவோடு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒரு சின்ன வீட்டில் இருந்தாள். சிரிப்பாள், கேலி செய்வாள், என் டீயில் பாதியைக் கேட்காமலே எடுத்துக் குடிப்பாள். ஆனால் அவளிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. எங்காவது குழாய் சொட்டினால் அவளால் உட்கார முடியாது, பேச்சை நடுவில் விட்டுவிட்டு எழுந்து போவாள். இன்னொன்று, மத்தியானம் ஓய்வறைக் கட்டிலில் கொஞ்சம் சாய்ந்தாலும் ஓரமாகத்தான் படுப்பாள். விழுந்துவிடுவாளோ என்று நமக்குப் பயமாக இருக்கும். சுவர்ப் பக்கம் ஒரு ஆள் படுக்கிற இடம் எப்போதும் காலியாகக் கிடக்கும்.

"யாருக்கு அக்கா இடம் போட்டு வெச்சிருக்கீங்க?" என்று ஒருநாள் கிண்டலாகக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. நானும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அது யாருக்கான இடம் என்பது, ஆராய்ச்சி தொடங்குவதற்கு முன்னால் டாக்டரம்மா எங்களுக்கு எடுத்த வகுப்பு முடிந்தபோதுதான் தெரிந்தது. பலகையில் பானை மாதிரி ஒரு சிறுநீர்ப்பை வரைந்து என்னென்னவோ விளக்கினார். எனக்குத் தூக்கம் சொக்கியது. கடைசியில் குரலை மாற்றிக்கொண்டு ஒன்று சொன்னார்.

"இது ஒண்ண மட்டும் யாரும் மறக்கக் கூடாது. பழக்கம் நின்னு நல்லா இருந்த பிள்ளை திடீர்னு மறுபடி நனைக்க ஆரம்பிக்குது. ஓயாம தண்ணி கேக்குது. உடம்பு இளைக்குது. அப்படின்னா உடனே என்கிட்ட ஓடி வாங்க. அது பழக்கம் இல்ல, சர்க்கரை நோய். பெரியவங்களுக்கு வர்ற மாதிரி இல்ல, பிள்ளைங்களுக்கு வந்தா வேகமா போகும். வீட்ல தண்ணிய நிறுத்தி, அடிச்சு, திட்டி, மூச்சு இரைச்சு, வாயில பழவாசனை வந்தப்புறம் தூக்கிட்டு வருவாங்க. அப்ப நம்ம கையில ஒண்ணும் இருக்காது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா கையைத் தூக்கினாள்.

"டாக்டர், அந்த மாதிரி ஒரு பிள்ளைக்குக் கேக்கும்போதெல்லாம் தண்ணி குடுத்திருந்தா, பொழைச்சிருக்குமா?"

"இல்லம்மா. தண்ணி மட்டும் போதாது. இன்சுலின் ஊசி போட்டாத்தான் பொழைக்கும்."

"சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து முகம் கழுவப் போனாள். வெகுநேரம் வரவில்லை. தேடிப் போனபோது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது. அங்கே உட்கார்ந்து சொன்னதுதான் இது.

அவளுக்கு ஒரு தங்கை. அக்காவுக்குப் பத்து வயது, தங்கைக்கு ஆறு. ஒரே மெத்தையில் படுப்பார்கள். சுவர்ப் பக்கம் தங்கை, வெளிப்பக்கம் இவள். எப்போதோ நின்றுபோயிருந்த பழக்கம் தங்கைக்குத் திடீரென்று திரும்பி வந்தது. காலையில் இரண்டு பேரும் நனைந்து எழுந்திருப்பார்கள். அப்பா வெளியூரில் வேலை. அம்மா ஒற்றை ஆளாக மெத்தையை இழுத்து மாடியில் போட்டுவிட்டு வேலைக்கு ஓட வேண்டும். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். அம்மா முதலில் சாயங்காலத் தண்ணீரை நிறுத்தினாள். அப்படியும் நனைந்தது. பகலிலும் குறைத்தாள். பிறகு சமையலறைக் கதவைப் பூட்டிச் சாவியைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். தங்கை குளியலறையில் துணி ஊறவைத்திருந்த வாளியில் வாய் வைத்துக் குடித்ததை ஒருநாள் பார்த்துவிட்டு அடித்தாள். பிள்ளை இளைத்துக்கொண்டே வந்தது. வளர்கிற பிள்ளை, நெட்டுக்கு இளைக்கிறாள் என்றார்கள்.

கடைசி ராத்திரி தங்கை இவள் காதோடு வாய் வைத்து, "அக்கா, ஒரு வாய்" என்றாள். இவள் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். அது கிறீச்சென்று கத்துகிற குழாய். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். அந்தப் பக்கத்து அறையில் அம்மா இருமினாள்.

"அம்மா முழிச்சிட்டாங்கன்னு பயந்து அடைச்சிட்டேன். கையில இருந்தத மட்டும் கொண்டுட்டுப் போனேன். வழியிலேயே பாதி ஒழுகிப் போச்சு. மிச்சத்த என் கையில வாய வெச்சு உறிஞ்சினா. காலி ஆனதுக்கப்புறமும் உள்ளங்கைய நக்கிட்டே இருந்தா. இன்னொரு தடவை போயிருக்கலாம். போகல."

விடியும்போது தங்கை மூச்சு இரைத்தாள். வாயில் அழுகிய பழத்தின் வாசனை வந்தது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். வீட்டில் அதையே சொல்லிச் சொல்லி நிலைக்க வைத்துக்கொண்டார்கள்.

"இத்தனை வருஷம் காய்ச்சல்னுதான் நானும் நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் அக்கா. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரிஞ்சது தெரிஞ்சதாவே இருக்கட்டும். அம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா அன்னிக்கே உசிர விட்டுருவாங்க."

அன்றிலிருந்து அக்காவுக்கு இருந்த ஒரே பயம் அதுதான். அம்மா நாளுக்கு நாள் ஒடுங்கிக்கொண்டே வந்தாள். மிச்சம் இருக்கிற நாளை நிம்மதியாகக் கழித்துவிட்டுப் போகட்டும் என்பதற்காக, பிரிவு மாறியதை அதன் பிறகும் அக்கா வீட்டில் சொல்லவில்லை. அம்மாவைப் பொறுத்தவரை மகள் இன்னும் கண் பிரிவில்தான் இருக்கிறாள். நானும் அந்த நாடகத்தில் சேர்ந்துகொண்டேன். அவர்கள் வீட்டுக்குப் போனால் ஒண்ணுக்கு என்ற சொல்லே வாயில் வராமல் பார்த்துக்கொள்வேன். "இன்னிக்குக் கண்ணாடி எத்தனை பேருக்கும்மா எழுதினாங்க?" என்று அம்மா கேட்பாள். நான் வாய்க்கு வந்ததை அளப்பேன். அம்மா தலையாட்டிக் கேட்பாள். அவளுக்கு நெஞ்சில் பழைய இருமல் உண்டு. ஆனால் அவள் வாய்விட்டு இருமி நான் கேட்டதே இல்லை. வரும்போதெல்லாம் மடியில் இருக்கிற துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொள்வாள். முகம் சிவந்து, கண் பிதுங்கி, உடம்பு குலுங்கி அடங்கும். "ஏம்மா இப்படி அடக்குறீங்க, இருமிட்டுப் போங்களேன்" என்று ஒருநாள் கடிந்துகொண்டேன். "பழகிப்போச்சு" என்றாள்.

இப்படியே வருஷங்கள் போயின. பிறகு பொக்கைவாய் வந்தாள்.

முன்பல் இரண்டும் விழுந்த சின்னப் பெண். முதல் தடவை வந்தபோது வாயை மூடவில்லை. என் மேஜையில் இருந்த பேனாக்களை எல்லாம் எடுத்து நிறம் கேட்டாள். முன்பல் இல்லாத அந்த வாய்க்காகத்தான் அந்தப் பெயரை நான் வைத்தேன். அவளுடைய அம்மா ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள். லீவு கேட்டால் சம்பளத்தில் பிடிக்கிற கடை. பிறந்ததிலிருந்தே மகளுக்கு இந்தப் பழக்கம் இருப்பதாகச் சொன்னாள். நாங்கள் கேட்டபடி காலையில் வரும் முதல் சிறுநீரைப் பாட்டிலில் பிடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதில் சர்க்கரை இல்லை, கிருமி இல்லை, எந்தக் கோளாறும் இல்லை. ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டோம். மணியும் மாத்திரையும் கொடுத்து அனுப்பினோம்.

அடுத்த மாதம் வந்தபோது அவள் பேனாக்களைத் தொடவில்லை. பெஞ்சில் அம்மாமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. அக்கா வழக்கம்போல டம்ளரோடு போய், "தாகமா இருக்கா?" என்று கேட்டாள்.

பொக்கைவாய் டம்ளரைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம்மா, நீங்க சொன்னபடியே கண்டிப்பா இருக்கோம்" என்றாள் அம்மா பெருமையாக. "பகல்லயும் குடுக்கிறதில்ல. இவ திருட்டுத்தனமா குடிப்பா, அதான் பாட்டில எல்லாம் மேல தூக்கி வெச்சிட்டேன்."

அக்காவின் கையில் இருந்த டம்ளர் தளும்பியதைப் பார்த்தேன். ஆனாலும் குரல் மாறவில்லை. "இங்க குடிச்சாத்தாம்மா டெஸ்ட் எடுக்க முடியும்" என்று சொல்லிப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். பிள்ளை குடித்தது. இன்னொன்று கேட்டது. மூச்சு விடாமல் குடித்தது. ஜாடி காலியாகிவிட்டது. காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை, உடனே வந்துவிட்டது. அக்கா உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, பழக்க தோஷத்தில் குழாயையும் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

என் திரையில் கோடு ஏறியது. ஏறியது இறங்குவேனா என்றது. அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு எங்கிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கோடு நின்றது. கூடவே உள்ளே குழாய்ச் சத்தமும் மாறியது. தொட்டியில் சளசளவென்று விழுந்துகொண்டிருந்த தண்ணீர் எதிலோ அடைபட்டு விழுகிற சத்தம். பிறகு விழுங்குகிற சத்தம்.

கதவுக்கு வெளியே நின்ற அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. கதவைத் திறந்தாள்.

பொக்கைவாய் இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டு, எக்கி நின்று, வாயை அதில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டுச் சுவரோடு ஒட்டினாள். "அம்மாட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

அக்கா அப்படியே தரையில் மண்டியிட்டாள். குழாயைத் தன் கையால் இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். "குடிம்மா. நீ குடி. யாரும் அடைக்க மாட்டாங்க" என்றாள். நனைந்திருந்த பிள்ளையை மார்போடு அணைத்துப் பிடித்தபோது அதன் மூச்சு அவள் முகத்தில் பட்டிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டாள். மறு கணம் அவள் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் கீழே இருந்து மேலே ஓடி வந்தார்.

டாக்டரம்மா வந்தார். "முதல் நாள் பாட்டில்ல சர்க்கரை இல்லையே?" என்று சொல்லிக்கொண்டேதான் விரல் குத்துகிற கருவியை எடுத்தார். பிள்ளை ஊசியைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கப் பேச்சுக் கொடுத்தார்.

"போன தடவை பாட்டில்ல பிடிச்சுக் குடுத்தியே, சமத்து. அதே மாதிரி இன்னிக்கும் சமத்தா இருப்பியாம்."

"அது தம்பியோடது" என்றாள் பொக்கைவாய். "என்னுது மெத்தையில போயிடுச்சு."

டாக்டரம்மா அவள் விரலைக் குத்தினார். கருவி எண்ணைக் காட்டவில்லை. அளக்க முடியாத அளவுக்கு அதிகம் என்று காட்டியது. டாக்டரம்மா பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினார். செருப்பு ஒன்று படியிலேயே கழன்று கிடந்தது.

அம்மாக்காரி பெஞ்சில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "காலையில மொத ஒண்ணுக்கு வேணும்னீங்க. இவளுக்குக் காலையில எங்கம்மா வரும், எல்லாம் மெத்தையில போயிடுதே. வெறும் பாட்டிலோட வந்தா திருப்பி அனுப்பிடுவீங்கன்னு பயம். இன்னொரு நாள் லீவு குடுக்க மாட்டாங்க. சின்னவன்கிட்ட பிடிச்சேன். ஒரே வயித்துல பொறந்ததுங்கதானே, ஒரே மாதிரிதானே இருக்கும்னு நெனச்சேன். நடுவுல நின்னு போயி மறுபடி வந்துச்சுன்னு சொன்னா வேற வரிசைக்கு அனுப்பிடுவாங்கன்னு வரிசையில ஒருத்தி சொன்னா. அதான் பொறந்ததிலேர்ந்தேன்னு சொல்லிட்டேன்."

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. எங்கள்மேல்தான் வந்தது. படுக்கையை நனைக்கிற பிள்ளையிடம் போய்க் காலையில் வரும் முதல் சிறுநீரைக் கேட்ட அறிவாளிகள் நாங்கள். எத்தனை பெரிய மனிதர்கள் கூடிக் கூடிப் பேசி அந்த விதியை எழுதினார்கள்! எத்தனை பாட்டில்களின் எண்களை நான் கண்ணும் கருத்துமாக ஏற்றியிருக்கிறேன்! அதில் எத்தனை தம்பிகளுடையது, எத்தனை அக்காக்களுடையது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மறுநாளே விதியை மாற்றிவிட்டார்கள். இப்போதெல்லாம் எங்கள் கண் முன்னால்தான் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

சாயங்காலம் நெருங்கும்போது டாக்டரம்மா வந்து, "பொழைச்சுக்குவா" என்றார். பொக்கைவாயின் அம்மா அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நான் தண்ணி குடுக்காம இருந்ததாலதான் இப்படி ஆச்சா? சொல்லுங்கம்மா, நான்தான் பண்ணிட்டேனா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. உங்களால இல்ல" என்றாள் அக்கா. "இது நோயி. தண்ணி குடுத்திருந்தாலும் வந்திருக்கும். ஊசி போட்டாத்தான் சரியாகும். உங்களுக்கு எப்படித் தெரியும்? யாருக்குமே தெரியாது. உங்க மேல தப்பே இல்ல."

ஒரு சொல் கூடத் தடுமாறாமல் சொன்னாள். என்றைக்காவது இன்னொருவரிடம் சொல்ல வேண்டி வருமோ என்று இத்தனை வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வார்த்தைகள் அவை.

அக்காவைத் தனியாக விட மனமில்லாமல் நானும் வீடுவரை கூடப் போனேன். தெரு விளக்குகள் அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தன. அம்மா ஜன்னல் ஓரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டு.

"ஏன்டி இவ்வளவு நேரம்?"

"ஒரு பிள்ளைக்குத் திடீர்னு முடியாம போச்சும்மா. கண்ணுல..." என்று ஆரம்பித்த அக்காவுக்கு அதற்கு மேல் பொய் வரவில்லை. நான் உதவிக்கு ஓடினேன். "ஆமாம்மா, கண்ணுல அடிபட்டு ஒரு பொண்ணு..."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மகளின் உடுப்பைப் பார்த்தாள். முன்பக்கம் முழுக்க இன்னும் ஈரம் காயாமல் இருந்தது.

"அந்தப் பொண்ணுக்குத் தண்ணி குடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை பொழைச்சுதா?"

"பொழைச்சிருச்சும்மா" என்றாள் அக்கா, குரலே இல்லாமல்.

"நல்லது" என்றாள் அம்மா. துண்டைப் பிரித்து மடித்துக்கொண்டே பேசினாள். "தினமும் நீ கழட்டிப் போடுற உடுப்ப நான்தானே துவைக்கிறேன். அதுல வர்றது கண்ணாஸ்பத்திரி வாசனையாடி? ஒரு நாளா ரெண்டு நாளா, தினமும் காலையில அந்த மெத்தைய இழுத்தவ நான். அந்த வாசனை எனக்குத் தெரியாதா?"

"அம்மா..."

"கீழ் வீட்டுல முன்ன ஒரு குடும்பம் இருந்துச்சே, அவங்க பையனுக்குச் சர்க்கரைன்னு கண்டுபிடிச்சாங்க. நீ அப்ப பள்ளிக்கூடம் போயிட்டிருந்த. எப்படிக்கா தெரிஞ்சுதுன்னு கேட்டேன். அந்தப் பையனோட அம்மா ஒவ்வொண்ணா சொன்னா. படுக்கைய நனைச்சான்னா. தண்ணி தண்ணின்னு கேட்டான்னா. இளைச்சான்னா. வாயில பழவாசனை வந்துச்சுன்னா. நான் கேட்டுட்டு மேல வந்து உனக்குச் சோறு போட்டேன்."

அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பலேர்ந்தே தெரியுமா? ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீயுந்தானே அவ பக்கத்துல படுத்திருந்த. உன்கிட்டயும் கேட்டிருப்பா. தெரிஞ்சா உனக்குத் தாங்குமா?"

எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வகுப்பில் கேட்டதைச் சொன்னேன். "அம்மா, டாக்டர் தெளிவா சொல்லியிருக்காங்க. தண்ணி குடுத்திருந்தாலும் பொழைச்சிருக்காது. ஊசி இல்லாம முடியாது."

"தெரியும்மா" என்றாள் அவள் சாந்தமாக. "பொழைச்சிருக்க மாட்டா. ஆனா தாகத்தோட போயிருக்க மாட்டா."

பிறகு அம்மா மகளின் தலையில் கை வைத்தாள்.

"அன்னிக்கு ராத்திரி நீ குழாயத் திறந்தது எனக்குக் கேட்டுது. நீதான்னு தெரியும். யாருக்குன்னும் தெரியும். எழுந்து வந்து அடிக்க மனசு வரல. அதான் இருமினேன். அது தானா வந்த இருமல் இல்லடி."

அக்கா அழவில்லை. வெகுநேரம் அம்மாவின் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, "தாகமா இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றாள் அம்மா.

அக்கா சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பாத்திரம் நிறைந்து வழிகிற சத்தமும் கேட்டது, ஆனால் அவள் அடைக்கவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கட்டிலில் அம்மாவுக்கு இருமல் வந்தது. இரண்டு கையாலும் துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டு, முகம் சிவக்கச் சிவக்க அடக்கிக்கொண்டு, குழாய் ஓடுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.